பார்வையற்ற பிள்ளைக்குக் கை கொடுத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் உங்கள் வகுப்பில் பார்வை இல்லாத ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் சிறப்புப் பயிற்றுநராக இருக்கலாம், பி.எட். பயிற்சிக்கு வந்தவராக இருக்கலாம், இதற்கென்று எதுவும் படிக்காத வகுப்பாசிரியராக இருக்கலாம், ஏன், அந்தப் பிள்ளையின் அம்மாவாகவோ சித்தியாகவோகூட இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் நாள் செய்வது ஒன்றுதான். பிள்ளையின் கையைப் பிடித்து, "இந்தா, தொட்டுப் பாரு மக்ளே" என்று பொருளின்மேல் கொண்டுபோய் வைப்போம். அன்பாகத்தான் செய்கிறோம். இருந்தாலும் இந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள், மீதி வேலை பாதி சுலபமாகிவிடும்.

புறங்கையை நாம் பிடித்து அழுத்தும்போது பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு சேதி போகிறது. உள்ளங்கைப் பக்கம் பொருள், புறங்கைப் பக்கம் நம் பிடி. நம் பிடிதான் பலமாக இருக்கும் என்பதால் கவனம் அங்கே போய்விடும். விரல் தானாக நகர்ந்து தேடினால்தான் விளிம்பு, சொரசொரப்பு, ஈரம், சூடு எல்லாம் சரியாகப் பிடிபடும், அடுத்தவர் நகர்த்துகிற விரலுக்கு அதில் பாதிகூடத் தெரியாது. இதே மாதிரி தினமும் நடந்தால் சில பிள்ளைகள் கையை மூடி மடியில் ஒளித்துக்கொள்வார்கள். சில பிள்ளைகள் கையைத் தொளதொளவென்று நம்மிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள், இதுதான் கூடுதல் மோசம், ஆனால் இதைப் பார்த்து 'நல்லா ஒத்துழைக்கிறான்' என்று பதிவேட்டில் எழுதிவைக்கிறவர்களும் உண்டு.

அதனால் வழி இதுதான்: உங்கள் கை கீழே, பிள்ளையின் கை மேலே. உங்கள் கை வேலை செய்யும், பிள்ளையின் கை அதன்மேல் ஏறிக்கொண்டு என்ன நடக்கிறது என்று பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் எந்த நொடியிலும் கையை எடுத்துக்கொள்ளலாம். கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பதுதான்.

தொடுவதற்கு முன்

முதலில் பிள்ளைக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பார்வையற்ற பிள்ளை என்றதும் முழு இருட்டு என்று நினைத்துவிடுகிறோம், நிறையப் பேருக்கு வெளிச்சம் தெரியும், சிலருக்கு நிறம் தெரியும், சிலருக்குக் கிட்டத்தில் பெரிய எழுத்துகூடத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கறுப்புத் துணிமேல் வெள்ளைப் பொருளை வைத்தால் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும். ஜன்னலைப் பார்த்து உட்காரவைக்காதீர்கள், கண் கூசும். ஜன்னலுக்கு முதுகு காட்டி, ஆனால் தன் நிழலே பொருளில் விழாதபடி கொஞ்சம் சாய்வாக உட்காரவையுங்கள்.

அடுத்தது உங்கள் கை. நகம் வெட்டுங்கள். கல் வைத்த மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள், விரல்மேல் விரல் வைக்கும்போது அது குத்தும். வளையலைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அந்தச் சத்தத்தை வைத்தே "டீச்சர் வந்தாச்சு" என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிட்டே போனதும் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "பழம் உரிக்கப் போறோம், என் கைமேல உன் கையை வைக்கியா?" என்று கேட்டுவிட்டு உங்கள் புறங்கையைப் பிள்ளையின் விரலோரமாக லேசாகத் தொடும்படி வைத்துக் காத்திருங்கள். கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் "வை, வை" என்று அவசரப்படுத்தினால் எல்லாம் கெட்டது. நன்றாகச் செய்துவிட்டான் என்று சொல்லாமல் கொள்ளாமல் தலையில் தட்டுவது, கன்னத்தைக் கிள்ளுவது இதெல்லாமும் வேண்டாம், வருவது தெரியாத கை தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

தொட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலை என்பதால் ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் பார்க்கும் இடமாக இருக்க வேண்டும், எப்படித் தொடுவீர்கள் என்று வீட்டாரிடம் முதலிலேயே செய்துகாட்டியிருக்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்று கையை எடுத்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். ஆசிரியரிடம் "வேண்டாம்" சொல்லிப் பழகிய பிள்ளைதான் நாளைக்குத் தப்பான ஆளிடமும் அதைச் சொல்லும்.

கைக்குக் கீழே கை: படிப்படியாக

எதிரில் உட்காராதீர்கள். எதிரில் இருந்தால் உங்கள் வலது கை பிள்ளைக்கு இடது பக்கம் வரும், எல்லா அசைவும் தலைகீழாகப் போகும். சின்னப் பிள்ளை என்றால் பின்னால், பெரிய பிள்ளை என்றால் பக்கத்தில், இருவர் கையும் ஒரே திசையில் நீளும்படி உட்காருங்கள்.

முதல் பாடத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழத்தைவிட நல்ல பொருள் கிடையாது. சின்னது, வாசனை தூக்கும், தோல் மெலிசு, கடைசியில் தின்னலாம். முதலில் பழத்தைப் பிள்ளை தனியாகவே தடவிப் பார்க்கட்டும். அப்புறம் உங்கள் இரு கையிலும் பழத்தை எடுத்து, பிள்ளையின் கைகளை உங்கள் கைகள்மேல் வைக்கச் சொல்லுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது விரல். உங்கள் விரல் முட்டிமேல் பிள்ளையின் உள்ளங்கை கிடந்தால் ஒன்றும் தெரியாது, காம்பை ஒடிப்பது உங்கள் கட்டைவிரல் என்பதால் பிள்ளையின் கட்டைவிரல் உங்கள் கட்டைவிரல்மேலேயே இருக்க வேண்டும், ஆள்காட்டிவிரல் ஆள்காட்டிவிரல்மேல். பிள்ளையின் விரல்நுனி உங்கள் விரலைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, உங்கள் அசைவும் தெரியும், பொருளும் தட்டுப்படும். காம்பு ஒடிகிற அந்தச் சின்ன வெடுக், தோல் கிழிந்து வருகிற இழுப்பு, உள்ளே பழத்தின் வழுவழுப்பு எல்லாம் அதன் வழியாகப் போகும்.

செய்யும்போது பேசாதீர்கள். சொல்லுங்கள், செய்யுங்கள், நிறுத்துங்கள், பிறகு பேசுங்கள். கையில் ஒன்று நடக்கும்போது காதில் வேறொன்று விழுந்தால் இரண்டும் தங்காது.

இரண்டாவது பழத்தில் தோலின் ஒரு பட்டையை நீங்கள் பாதிவரை இழுத்து நிறுத்துங்கள், உங்கள் கையை மெதுவாக உருவி எடுங்கள், பிள்ளையின் விரல் தானாகத் தோலில் போய் நிற்கும். மீதியை அது இழுக்கும். அடுத்தடுத்த பழங்களில் நீங்கள் இன்னும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கடைசிப் படியைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து அங்கிருந்து பின்னோக்கி வருவதில் ஒரு லாபம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி பிள்ளைக்குத்தான் கிடைக்கும். சட்டைப் பித்தான், பையின் ஜிப், தண்ணீர் பாட்டில் மூடி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

உதவியைக் குறைப்பதற்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கைக்குக் கீழே கை, அடுத்து மணிக்கட்டின் அடியில் இரண்டு விரல், அடுத்து முழங்கையில் லேசான தொடுதல், அடுத்து வெறும் வார்த்தை, கடைசியில் ஒன்றுமே இல்லை. நிறையப் பேர் முதல் படியிலேயே வருடக்கணக்காக நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அதில் வேலை சீக்கிரம் முடிகிறது. முடிகிறதுதான், ஆனால் செய்துமுடிப்பது நீங்கள்.

கொஞ்சம் தேறியதும் பூக் கட்டக் கற்றுக்கொடுக்கலாம். தோவாளைப் பக்கத்துப் பிள்ளை என்றால் வீட்டிலேயே பிச்சிப்பூவும் வாழைநாரும் கிடக்கும். நாரை நனைத்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் என்று காம்பும் காம்பும் சேரும்படி வைத்து, இடது கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் நாரைச் சுற்றி, விரலில் ஒரு வளையம் திருப்பி, காம்பின்மேல் மாட்டி இறுக்க வேண்டும். இதைப் பார்க்கிறவனுக்கே வேகமாகப் போனால் புரியாது. பிள்ளையின் கையை உங்கள் வலது கைமேல் மட்டும் வையுங்கள், இரண்டு கையையும் ஒன்றாகத் தொடர முடியாது. வளையம் திருப்புகிற இடத்தில் நாலைந்து முறை நின்று நின்று செய்யுங்கள். வலது கை வேலை பிடிபட்ட பிறகு, இன்னொரு நாள், இடது கை. முதலில் பூவில் தொடங்காமல் தடித்த கயிறும் ஈர்க்குச்சியுமாகத் தொடங்கினால் பூ கசங்காது, பாட்டியிடம் ஏச்சும் வாங்க வேண்டாம்.

கை வைக்கவே மாட்டேன் என்கிற பிள்ளை

பிசுபிசுப்பு, ஈரம், முள்முள்ளாக இருப்பது, இதில் எதைத் தொட்டாலும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அது அடம் கிடையாது, தொடுவதே அவர்களுக்குக் கூச்சமோ வலியோ மாதிரி இருக்கிறது. வற்புறுத்த வற்புறுத்தக் கூடும்.

காய்ந்த, வழுவழுப்பான பொருள்களில் தொடங்குங்கள். புளியங்கொட்டை, சோழி, தேய்த்து மழமழப்பாக்கிய சிரட்டை. அப்புறம் அரிசி. அப்புறம் தேங்காய் நார், மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கின் தோல். ஈரமாவு எல்லாம் கடைசியில். விரலால் தொட மறுத்தால் கரண்டியால் கிளறட்டும், முழங்கையால் தொடட்டும், காலால் மிதிக்கட்டும். பொருள்களை ஒரு முறத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு அதில் அளைந்து சத்தம் உண்டாக்கிக்கொண்டிருந்தாலே பாதிப் பேர் என்னவென்று கையை நீட்டுவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் என்ற ஆசிரியை இதையே ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர். பிள்ளையைச் சுற்றிப் பொருள்கள் தொங்கும் ஒரு சின்னப் பெட்டி அறையை உருவாக்கி, உள்ளே படுத்திருக்கும் பிள்ளை தானே கையை அசைத்துத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார். அதற்கெல்லாம் செலவாகும் என்று பயப்பட வேண்டாம், பழைய கட்டிலின் சட்டத்தில் சாவிக்கொத்து, ஸ்பூன், சிரட்டை, சங்கு இவற்றைப் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி, அவிழ்ந்து விழாதபடி, கழுத்தில் சுற்றுகிற அளவுக்கு நீளமில்லாத கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலே ஆச்சு. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம்

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பழமும் பிளாஸ்டிக் மீனும் பார்வையுள்ள பிள்ளைக்குத்தான் பழமும் மீனும். கைக்கு அவை எல்லாமே ஒரே வழவழப்பான பிளாஸ்டிக். சாளை வேண்டுமா, காலையில் வாங்கிய சாளையையே கொடுங்கள், செதில் எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறது, எந்தப் பக்கம் தடவினால் பிடிக்கிறது என்று பிள்ளையே சொல்லும். பொருளை ஆராயும்போது ஒரு கை ஓர் இடத்தில் நிலையாக இருக்கட்டும், மற்றக் கை அங்கிருந்து புறப்பட்டுச் சுற்றிவரட்டும். முதலில் முழுசாக ஒருமுறை, பிறகு பாகம் பாகமாக, திரும்பவும் முழுசாக.

கைக்குள் அடங்காதவற்றை உடம்பால் அளக்க வேண்டும். குளச்சலில் கரையேற்றிக் கிடக்கும் வள்ளத்தை அணியம் என்கிற முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே நடந்துபார்த்த பிள்ளைக்கு அதன் நீளத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. திருவள்ளுவர் சிலை 133 அடி என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். மைதானத்தில் 133 அடிக்குக் கயிற்றைப் போட்டு, 38 அடியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சுவரை பீடம், அதற்குமேல் 95 அடி சிலை. கயிற்றைக் காலடியில் வைத்து நடந்துபோய்த் திரும்பிவந்தால் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் வரும். பார்வையுள்ள பிள்ளைகளும் கூடவே நடக்கட்டும், அவர்களுக்கும் அந்த உயரம் எவ்வளவு என்று உண்மையில் தெரியாது.

பிரெய்ல் பக்கம் வரும்போது

1824இல் லூயி பிரெய்ல் என்ற பிரெஞ்சுப் பையன் தன் 15 வயதில் அமைத்த ஆறு புள்ளிதான், விரலால் தொட்டு வாசிக்கிற இந்த எழுத்துக்கு இன்றும் அடிப்படை. தமிழுக்கு நாம் பயன்படுத்துவது இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல். இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலது பக்கம் 4, 5, 6. 'அ' என்றால் 1ஆம் புள்ளி மட்டும், 'க' என்றால் 1, 3. முட்டை அட்டையிலிருந்து ஆறு குழியை வெட்டியெடுத்துப் புளியங்கொட்டை போட்டுக் காட்டினால் இடம் சீக்கிரம் மனசில் பதியும்.

வாசிக்கும்போது புதியவர்கள் பிள்ளையின் விரலைப் பிடித்துப் புள்ளியின்மேல் அழுத்துவார்கள். அழுத்தினால் புள்ளி மழுங்கும், விரலும் மரத்துப்போகும், ஒன்றும் தெரியாது. பிரெய்ல் விரல் ஓடும்போதுதான் தெரியும், நின்ற விரலுக்குத் தெரியாது. இங்கேயும் உங்கள் விரல் வரியில் இடமிருந்து வலமாக ஓடட்டும், பிள்ளையின் விரல்கள் உங்கள் விரல்மேல் அமர்ந்து அந்த வேகத்தையும் லேசான அழுத்தத்தையும் தெரிந்துகொள்ளட்டும், பிறகு உங்கள் விரலை உருவிக்கொள்ளுங்கள். வரி முடிந்ததும் அதே வரியிலேயே திரும்பிவந்து அடுத்த வரிக்கு இறங்குவதையும் இப்படித்தான் காட்ட வேண்டும்.

பிரெய்ல் ஸ்லேட்டில், அதாவது தாளை இடையில் வைத்துப் புள்ளி குத்துகிற சட்டத்தில், எழுதுவது வேறு கதை. தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், 1ஆம் புள்ளி வலது மேல் மூலைக்குப் போய்விடும். குத்தூசியான ஸ்டைலஸைப் பிடிப்பதிலும் குத்துவதிலும் ஒரு சங்கடம், அந்தப் பிடி உங்கள் உள்ளங்கைக்குள் இருப்பதால் மேலே கை வைத்த பிள்ளைக்குச் சரியாக எட்டாது. இங்கே கொஞ்ச நேரம் பிள்ளையின் கைமேல் உங்கள் கையை வைத்துத் தாள் 'டொக்' என்று துளைபடும் அழுத்தத்தைக் காட்டலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், காட்டியதும் எடுத்துவிடுங்கள். கொதிக்கிற பாத்திரம், அரிவாள் மாதிரி ஆபத்து இருக்கும் இடத்திலும், தசை இறுக்கத்தால் கையைத் தானாக நீட்ட முடியாத பிள்ளைக்கும் இப்படி மேலிருந்து பிடிப்பது தேவைப்படும். அதனால்தான் மேலே கை வைப்பதே பாவம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நடக்கும்போது

இங்கேயும் பிடிக்க வேண்டியது பிள்ளைதான். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அது பிடித்துக்கொள்ளும், உயரம் எட்டாத சின்னப் பிள்ளை என்றால் மணிக்கட்டைப் பிடிக்கட்டும். அரை எட்டு பின்னால் வரும். நீங்கள் இறங்கினால் உங்கள் கை இறங்கும், அதிலிருந்து அதற்குத் தெரிந்துவிடும். படி வந்தால் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். குறுகலான இடம் வந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், பிள்ளை உங்கள் நேர்பின்னால் வந்துவிடும். நாற்காலியில் தோளை அமுக்கி உட்காரவைக்காதீர்கள், பிள்ளையின் கை உங்கள் கைவழியே இறங்கி நாற்காலி முதுகைத் தொட்டால் போதும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து பிள்ளையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றுகிற நல்ல மனசுக்காரர்கள் நிறைய, அவர்களிடம் "கம்பியை மட்டும் காட்டிக் கொடுங்கண்ணே, அவனே ஏறுவான்" என்று சொல்லிப் பழகுங்கள். வெள்ளைப் பிரம்பின் நுனியைப் பிடித்து யாரும் இழுத்துப் போகக்கூடாது.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது பிள்ளை வழக்கமாக வழிகண்டுபிடிக்கும் சத்தங்கள் எல்லாம் மறைந்துவிடும், ஆரல்வாய்மொழிக் காற்று ஊளையிடும் நாளிலும் அப்படித்தான். அன்றைக்குப் புது வழி சொல்லிக்கொடுக்காதீர்கள், தெரிந்த வராந்தாவில் சுவரைப் புறங்கையால் உரசிக்கொண்டே நடக்கப் பழக்குங்கள். விரல்களைக் கொஞ்சம் மடக்கிப் புறங்கை படும்படி வைத்தால் ஆணியோ சிலாம்போ விரல்நுனியில் ஏறாது.

"அங்க இருக்கு", "இந்தா இங்க" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். "உன் வலது கைப்பக்கம், ஒரு எட்டு" என்று சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுத் தட்டில் 12 மணிப் பக்கம் முட்டை, 3 மணிப் பக்கம் கூட்டு என்பது கடிகாரம் தெரிந்த பிள்ளைக்குச் சரி, தெரியாத பிள்ளைக்கு வயிற்றுப் பக்கம், தூரப் பக்கம் என்று சொன்னாலே புரியும்.

யாரைக் கேட்பது

மாவட்டத்தில் 9 ஒன்றியங்கள் இருக்கின்றன, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களைப் பார்க்கலாம். பிரெய்ல் ஸ்லேட், ஸ்டைலஸ், கணக்குக்கு அபாகஸ் (மணிச்சட்டம்) அல்லது தொட்டுக் கணக்குப் போடும் பலகையான டெய்லர் ஃபிரேம் எல்லாம் கேட்டு எழுதிக்கொடுங்கள், வாய்ச்சொல்லில் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. "இங்க வசதி இல்லை, வேற எங்கயாவது பாருங்க" என்று யாராவது சொன்னால் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, அதையே எழுத்தில் தரும்படி கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள், மற்ற உதவிகளுக்கெல்லாம் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.